மங்காத கண்ணாடி

குரங்குக் குல்லா காய்ந்திருந்தது.

ரௌனி அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றாள். மைனஸ் முப்பத்தொன்றில் பனிவண்டி ஓட்டி ஏரியைக் கடந்து வந்தவனின் குல்லா எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷமாக அவள்தான் அதைக் கணவனிடமிருந்து வாங்கி, அடுப்புக்கு மேலே இழுத்துக் கட்டிய கம்பியில் மாட்டுகிறாள். வாய் இருந்த இடத்தில் மூச்சு உறைந்து, துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும்; கொஞ்ச நேரத்தில் இளகி, சொட்டுச் சொட்டாக இரும்புத் தகட்டில் விழுந்து சுர்ரென்று பொரியும்; ஈரக் கம்பளி வாடையும் மீன் வாடையும் கலந்து சமையலறை முழுக்கப் பரவும். அந்தச் சத்தமும் வாடையும் வந்தால்தான் ஹெய்மோ வீடு சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். இன்றைக்கு அது அலமாரியிலிருந்து எடுத்தது போல மெத்தென்று இருந்தது. முகர்ந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை.

"எங்க இருந்த இவ்வளவு நேரம்?"

"ஏரியில."

"ஏரி இருபது கிலோமீட்டர் நீளம். எந்த எடத்துல?"

"ஏரி குறுகுற இடுக்குக்கிட்ட. வண்டி நின்னுபோச்சு. அப்புறம் கிளம்பிடுச்சு."

காலை ஒன்பதுக்குப் பனிக்கட்டிக்கு அடியில் போட்ட வலையை எடுக்கப் போனவன். டிசம்பரில் போன சூரியன் இன்னும் திரும்பியிருக்கவில்லை. நடுப்பகலில் மூன்று மணி நேரம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். அது போவதற்குள் இரண்டு மணிக்கு வந்துவிடுவான். இன்றைக்கு வந்தது ஏழு மணிக்கு. மீன் ஒன்றுகூட இல்லை. அவள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்ததை எல்லாம் அவனிடம் சொல்ல நினைத்தாள். அதற்குள் அவன் முகம் கண்ணில் பட்டது.

அவன் மூக்குக்கண்ணாடி வெளுத்திருந்தது. அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. குளிரிலிருந்து வெக்கைக்குள் வந்தால் எந்தக் கண்ணாடியும் வெளுக்கும். வந்ததும் வராததுமாகக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பான், துடைத்துக்கொண்டே திட்டுவான். இன்றைக்குத் துடைக்கவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை வட்டங்களோடு மேஜையில் உட்கார்ந்து, தடவிப் பார்க்காமல் கரண்டியை எடுத்தான், உப்பை எடுத்தான், கொதிக்கக் கொதிக்க இருந்த மீன் சூப்பை ஊதாமல் குடித்தான். முகத்துச் சூட்டில் இரண்டு நிமிஷத்தில் விலக வேண்டிய வெளுப்பு கால் மணி நேரமாகியும் விலகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மகள் வில்யா, எட்டு வயசு, வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"அப்பா, நீ பனிமனுஷன் மாதிரி இருக்க."

ஹெய்மோ அவள் பக்கம் திரும்பினான். வெள்ளை வட்டங்கள் இரண்டும் சரியாக அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றன. அப்புறம் சொன்னான்.

"நாளையிலிருந்து வில்யாவை நான் டாக்ஸிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ரௌனிக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குச் சாலை கிடையாது. குளிர்காலம் முழுக்கப் பதினோரு கிலோமீட்டர் ஏரியைக் கடந்து எதிர்க்கரைக்குப் போனால்தான் பள்ளிக்கூட டாக்ஸி. அந்த வேலை வில்யா முதல் வகுப்புச் சேர்ந்த நாளிலிருந்து ரௌனியுடையது. காரணம், ஹெய்மோவின் கண்.

ஆவி படிவது இந்தக் கரையில் எல்லாருக்கும் உள்ள தொல்லைதான். ஹெய்மோவுக்கு அது தலையெழுத்து. ஆள் பெருமூச்சுக்காரன், வேர்வைக்காரன், போதாததற்குக் கிட்டப்பார்வை. மூக்குக்கண்ணாடிக்கு மேலே காகிள்ஸ், அதற்கு மேலே ஹெல்மெட். விட்ட மூச்சு மேலே ஏறி முதலில் உள்கண்ணாடியை மூடும், பிறகு வெளிக்கண்ணாடியை, பிறகு அப்படியே உறைந்துவிடும். அவன் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. சோப்பைத் தடவித் தேய்த்தான். சவர நுரை பூசினான். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டித் தேய்த்தான். மூச்சு மேலே ஏறாமல் குல்லாவின் மூக்குப் பக்கம் கம்பி வைத்துத் தைத்துக்கொண்டான். உலர்ந்த காகிள்ஸ் இன்னொன்றை எப்போதும் நெஞ்சுக்குள் வைத்திருப்பான். எரிச்சல் தாங்காமல் ஒருமுறை இருந்ததைக் கழற்றி ஏரியில் வீசினான். மறுநாள் போய்த் தேடி எடுத்து வந்தான். ஊரே சொல்லிச் சிரித்த கதை அது.

"நீயா?" என்றாள். "எதிர்ல கலைமான் கூட்டமே நின்னாலும் உனக்குத் தெரியாது. குழந்தையை வச்சுக்கிட்டு எங்க போய் விடுவ?"

"இனிமே மங்காது."

"ஏன், என்ன வாங்கின புதுசா?"

அவன் சூப்பை முடித்துவிட்டுக் கிண்ணத்தை மேஜையில் வைத்தான்.

சந்தேகம் என்று வந்துவிட்டால் பெண்டாட்டி மனது முதலில் போகிற இடம் ஒன்றுதான். ரௌனியின் மனதும் அங்கேதான் போனது. எதிர்க்கரை பெட்ரோல் நிலையத்தில் ஒரு சிவப்புமுடிக்காரி இருக்கிறாள், எல்லோரிடமும் இளிப்பவள். ஐந்து மணி நேரம் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் குல்லா காயாமல் என்ன செய்யும்? அவன் படுக்கப் போனதும் கோட்டை எடுத்து முகர்ந்தாள். சென்ட் இல்லை. காபி இல்லை. வண்டி பெட்ரோல் வாடைகூட இல்லை. ஆழத்தில் கிடக்கும் சேற்றின் வாடை, வலையின் அடிக்கயிற்றில் ஒட்டிக்கொண்டு வருமே, அது மட்டும் இருந்தது. இப்படியொரு வாடைக்காரி எதிர்க்கரையில் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கோட்டை மாட்டினாள். சொன்னது அவளுக்கே சிரிப்பாக இல்லை.

அன்றோடு அவன் குறட்டையும் நின்றது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் மகளை அவளே கூட்டிப் போனாள். ஹெய்மோ எதிர்க்கவில்லை. வாசல் பக்கத்துக் குளிர்த் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, வில்யா உடுப்பு மாட்டுவதையும் ஹெல்மெட் போடுவதையும் பார்ப்பான். காகிள்ஸ் மூன்றும் அந்தத் தாழ்வாரத்து ஆணிகளில்தான் தொங்கும். சூடான அறைக்குள் கொண்டுவந்த கண்ணாடியைத் திரும்பக் குளிரில் போட்டால் அது செத்தது என்பது வீட்டுச் சட்டம். சட்டத்தைப் போட்டவன் அவன்தான்.

வியாழக்கிழமை டாக்ஸி போனதும் எதிர்க்கரையில் ரெய்யோ தன் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். அறுபது வயது மீனவர், இடுக்குக்கு இந்தப் பக்கம் வலை போடுபவர்.

"உன் வீட்டுக்காரன் கண்ணாடியில என்னத்தம்மா தடவுறான்? எனக்கும் கொஞ்சம் சொல்லச் சொல்லு."

"ஏன் அண்ணே, என்ன?"

"நேத்து என் வலைக்கிட்ட வந்து நின்னான். அரை மணி நேரம் நின்னான். வண்டி ஓடுற வரைக்கும் காத்து உள்ள புகுந்து கண்ணாடி சுத்தமா இருக்கும், நின்னா எவனுக்கும் மூடிக்கும். எனக்கு ரெண்டு நிமிஷத்துல மோர் ஊத்தின மாதிரி ஆயிடுச்சு. அவனுது இப்பத்தான் கடையில வாங்கின மாதிரி பளபளன்னு இருக்கு. என்ன வித்தைடான்னு கேட்டேன். மூச்சு விடாம இருங்கன்னான்." ரெய்யோ சிரித்தார். "நான்தான் சிரிச்சேன். அவன் சிரிக்கல."

ரௌனி சிரிக்க முயன்றாள்.

"செவ்வாக்கிழமை அவர் வண்டி நின்னுபோச்சாம். நீங்க பாத்தீங்களா?"

"நின்னுபோச்சுன்னா சொன்னான்?" ரெய்யோ மூடியைத் திருகுவதை நிறுத்தினார். "நான் பாத்தப்ப வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சும்மா. விளக்கு எரிஞ்சுது. ஆள்தான் இல்ல."

"எந்த எடத்துல?"

"இடுக்குல. பக்கத்துல தண்ணி திறந்து கிடந்துச்சு. எனக்கு உசுரே போச்சு. கிட்டப் போக பயந்துக்கிட்டு வீட்டுக்குப் போய்க் கயிறும் ஏணியும் எடுத்துக்கிட்டு வந்தேன். வந்து பாத்தா வண்டி மேல உக்காந்திருக்கான். ஒரு பொட்டு நனையல. சரிதான், எங்கேயோ ஒதுங்கப் போயிருப்பான், கிழவன் நான்தான் பதறிட்டேன்னு நெனச்சேன்."

"எவ்வளவு நேரம் ஆச்சு, நீங்க கயிறு எடுத்துட்டு வர்றதுக்கு?"

ரெய்யோ யோசித்தார். "முக்கா மணி இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்ரோல் தகரத்தை எடுத்துக் கட்டினார்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. அன்று மதியம் வலை எடுக்க நானும் வருகிறேன் என்றாள். ஹெய்மோ தலையாட்டினான். அவன் வண்டி முன்னால், அவள் வண்டி பின்னால். நீல வெளிச்சம் ஏரி மேல் படுத்திருந்தது. ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக நட்ட வழிக்குச்சிகளின் மினுங்கு நாடா விளக்கொளி பட்டுப் பட்டு அணைந்தது. நல்ல ஓட்டக்காரி அவள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்துக் கீழே நெஞ்சுக்குள் ஊதுவாள், கண்ணாடி ஓரத்தில் நகக்கண் அளவு வெளுப்பு வரும், அவ்வளவுதான். பாதி வழியில் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றினாள். ஹெய்மோ நின்றான். அவளும் நிறுத்தினாள். இயந்திரங்கள் அடங்கின. காற்று துளியும் இல்லை. தூரத்தில் பனிக்கட்டி முறுக்கிக்கொள்ளும் சத்தம் வயிற்றுக்குள் கேட்பது போல ஒருமுறை கேட்டு நின்றது.

"என்ன?"

"கண்ணாடி மங்கிடுச்சு. ஒரு நிமிஷம் இரு."

அது பொய். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் உண்மையாகிவிட்டது. நின்ற இடத்தில் அவள் கண்ணாடி கீழிருந்து மேலாக வெளுத்து ஏறியது. காகிள்ஸை முகத்திலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவள் மூச்சு வெள்ளைப் புகையாக இருவருக்கும் நடுவே எழுந்து, தொங்கி, மெல்ல விழுந்தது. அவன் பக்கத்தில் ஒன்றுமே எழவில்லை. அவன் கண்ணாடி துடைத்து வைத்த தம்ளராக இருந்தது. குல்லாவின் கம்பளி கறுப்பு கறுப்பாகவே இருந்தது. புருவத்தில் பனி இல்லை.

"குல்லாவை இறக்கு."

"எதுக்கு?"

"மூக்கு வெளுத்த மாதிரி தெரியுது. உறைஞ்சுபோச்சான்னு பாக்கணும்."

அவன் இறக்கினான். அதே மூக்கு, அதே வாய், உதட்டோரத்தில் அதே வடு. வாய் திறந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல, ரௌனி. உனக்குத்தான் கஷ்டமா இருக்கு."

வார்த்தை வந்தது. புகை வரவில்லை.

அவள் வண்டியைத் திருப்பினாள். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தேன் என்று உளறினாள். வீடு வந்து சேரும் வரை வண்டியின் பக்கக் கண்ணாடியில் அவன் விளக்கு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். தெரியாவிட்டாலும் பயம், தெரிந்தாலும் பயம்.

அன்று சாயங்காலம் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவளுக்கு மேஜையிலிருந்து சத்தமே வராதது உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்யாவின் கன்னம் உப்பி, முகம் சிவந்து, கண் பிதுங்கியது. சட்டென்று உடைந்து மூச்சு வாங்கினாள்.

"என்ன பண்ற?"

"மூச்சு விளையாட்டும்மா. யாரு ரொம்ப நேரம் விடாம இருக்காங்கன்னு. அப்பாவே எப்பவும் ஜெயிக்கறாரு." அவள் இன்னும் இரைத்தாள். "ஆனா நான் நேத்துக்கு இன்னிக்குத் தேறிட்டேன். அப்பா சொன்னாரு."

"இந்த விளையாட்டு வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்." குரல் அவளை மீறி உயர்ந்தது. ஹெய்மோ அவளைப் பார்த்தான். கோபமில்லை, வருத்தமில்லை, பேருந்துக்குக் காத்திருப்பவன் பார்வை. அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்று அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. புருஷன் போய்விட்டான். அதற்கு அழ நேரமில்லை. மகளை இந்தக் கரையிலிருந்து எடுத்துப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மகளை டாக்ஸிக்குக் கொண்டுவிட்டதும் அக்காவுக்கு எதிர்க்கரையிலிருந்து போன் செய்தாள். அப்போதே குழந்தையோடு போயிருக்கலாம். அந்த ஒரு நாளை அவள் பிறகு எத்தனை தடவை நினைத்திருப்பாள். எதிர்க்கரையில் நிறுத்தி வைத்திருந்த அவர்கள் காரின் பேட்டரி குளிரில் செத்துக் கிடந்தது. ரெய்யோ சனிக்கிழமை மாலைக்குள் வேறு வைத்துத் தருகிறேன் என்றார்.

"ஞாயித்துக்கிழமை காலையில வந்துடறோம்க்கா."

"சண்டையா?"

"அதெல்லாம் இல்ல."

"அடிச்சானா?"

"இல்லக்கா. வந்து சொல்றேன்." என்னவென்று சொல்வது? என் வீட்டுக்காரர் மூச்சு விடுவதில்லை என்றால், உனக்குத்தான் பேட்டரி போய்விட்டது என்பாள் அக்கா.

வியாழன், வெள்ளி இரண்டு இரவும் மகள் அறையில் கதவைத் தாழிட்டுப் படுத்தாள். தூங்கவில்லை, வில்யாவின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு, வெதுவெதுவென்று வந்து வந்து போகும் காற்றை எண்ணிக்கொண்டே விடிய வைத்தாள்.

சனிக்கிழமை சவுனா என்னும் ஆவிக்குளியல் நாள். வழக்கம் மாறினால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, காலை ஒன்பதரைக்குக் கரையோரத்துச் சவுனாக் கொட்டகைக்கு விறகு சுமந்தாள், பனியில் துளையிட்டுத் தண்ணீர் மொண்டாள். வில்யா சமையலறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஹெய்மோ கொட்டகைக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடாலிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அதனால்தான் அவள் தைரியமாகக் குனிந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். பிர்ச்சு மரப் பட்டை சடசடத்து எரிந்தது. புகை வாடை. கல் சூடேறும் வாடை. தீ நன்றாகப் பிடிக்கட்டும் என்று இன்னும் இரண்டு கட்டையைச் செருகினாள். அப்போதுதான் கோடாலிச் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகிவிட்டது என்று உறைத்தது.

பனிவண்டி கிளம்பியது.

ஓடினாள். முழங்கால் வரை பனி. வாசல் திறந்து கிடந்தது. மேஜையில் வண்ணப் பென்சில்கள். நாற்காலி காலி. வில்யாவின் உடுப்பு இல்லை, ஹெல்மெட் இல்லை.

சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை.

தாழ்வாரத்துக்கு ஓடி ஹெல்மெட்டை எடுத்தாள். ஆணியில் காகிள்ஸ் இல்லை. மூன்று ஆணியும் வெறும் ஆணி. திரும்ப உள்ளே ஓடினாள். அடுப்புக்கு மேலே, கம்பியில், அவளுடையது தொங்கியது. கையில் எடுத்தால் சுட்டது. உள்ளே நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. அவள் மாட்டவில்லை. வில்யாவுக்கு எட்டாது.

இதைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று தெரியும். இந்தக் கரையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வேறு இல்லை. போட்டுக்கொண்டாள்.

வண்டி மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. கட்டைவிரல் விசையை அழுத்திப் பிடித்து ஏரியில் இறங்கினாள். விறகு சுமந்த வேர்வை முதுகில் ஓடியது, முகத்தில் வழிந்தது, மூச்சு வாயால் வந்தது. குவித்து ஊத வேண்டும், கீழே ஊத வேண்டும். முடியவில்லை. முதல் குச்சி. இரண்டாவது குச்சி. நான்காவது தெரியவில்லை. கண்ணாடி வெளுத்தது, வெளுத்தது உறைந்தது, முன்னால் விளக்கொளி பால் போலப் பரவி நின்றது, அவ்வளவுதான். வழி நெடுக அழுதிருக்கிறாள், அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

உட்புறத்தைத் துடைத்தாள். துடைத்த இடம் இன்னும் கெட்டியாக உறைந்தது. நெற்றிக்கு ஏற்றினாள். காற்று கண்ணில் ஊசியாக இறங்கியது. இமை மயிர் ஒட்டிக்கொண்டது. ஒரு கையால் இமையைப் பிரித்துப் பிரித்து ஓட்டினாள்.

புதுத் தடம் ஒன்று. குச்சி வரிசையோடு போனது. வளைவுவரை போனது. அங்கே இடதுபுறம் திரும்பியது.

இடுக்குப் பக்கம்.

இரண்டு கரையும் நெருங்கி வரும் அந்த இடத்தில் நீரோட்டம் பனிக்கட்டியை அடியிலிருந்து தின்றுகொண்டே இருக்கும். அங்கே குச்சி நடுவதில்லை. யாரும் போவதில்லை. ரௌனி விசையைத் தளர்த்தவில்லை.

சிவப்பு விளக்கு. சின்னது. அசையவில்லை.

வண்டியை நிறுத்தினாள். இன்னும் கிட்டே போனால் பனிக்கட்டி தாங்காது. இறங்கினாள். காலடியில் பனி ஊறி, சாம்பல் நிறத்தில் இருந்தது. ஓடினாள். விழுந்தாள். எழுந்தாள்.

நீல வெளிச்சத்தில் கறுப்பாகத் தண்ணீர். அதன் மேலே ஆவி அடர்த்தியாக எழுந்துகொண்டிருந்தது. கரையில் இரண்டு உருவங்கள், பெரியதும் சின்னதும், கைகோத்து, தண்ணீரைப் பார்த்து நின்றன.

நிற்கிறாள். மகள் நிற்கிறாள். விழவில்லை. பிழைத்தேன் என்று நினைத்தாள் ரௌனி. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

"வில்யா. அங்கேயே நில்லு. அசையாத. அம்மா வந்துட்டேன்."

சின்ன உருவம் திரும்பியது. கையை விடுவித்துக்கொண்டு அவளிடம் நடந்து வந்தது. அவசரமில்லாமல் வந்தது. ஹெய்மோ திரும்பவில்லை.

ரௌனி மண்டியிட்டாள். இரண்டு கையாலும் தோளைப் பிடித்தாள். உடுப்பு நனையவில்லை. ஒரு பொட்டு நனையவில்லை. குல்லா கழுத்துக்கு இறங்கியிருந்தது, காகிள்ஸ் சுத்தமாக இருந்தது, உள்ளே அவள் கண்கள் தெளிவாகத் தெரிந்தன.

"அம்மா, ஏன் இப்படி இரைக்கற?"

வார்த்தைகள் மட்டும்.

ரௌனி கையுறையைப் பற்களால் இழுத்துக் கழற்றினாள். விரலை மகளின் மூக்கருகே வைத்தாள். காத்திருந்தாள். குளிரில் விரல் மரத்துவிட்டது, அதனால்தான் தெரியவில்லை. இன்னொரு விரலை வைத்தாள். காத்திருந்தாள்.

"குளிருதா கண்ணு? குளிர்ல உறைஞ்சுபோச்சு. அவ்வளவுதான். இரு. அம்மா சூடு பண்றேன்."

கன்னத்தைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, வாயைக் கிட்டே கொண்டுபோய், தன் நெஞ்சிலிருந்த சூட்டையெல்லாம் கூட்டி ஊதினாள். புகை வெள்ளையாகப் போய் அந்தச் சின்னக் கன்னத்தில் மோதியது. மெல்லிய வெண்பனியாகப் படிந்தது. உருகவில்லை.

மறுபடி ஊதினாள். கன்னம் இன்னும் கொஞ்சம் வெளுத்தது. வில்யா பொறுமையாக நின்று முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். ரௌனி மறுபடி ஊதினாள்.